நாலாம் வகுப்பில் மூன்றாம் வருஷம்

“இது மூணாவது வருஷம்,” என்றார் பள்ளி இன்ஸ்பெக்டர். “இந்தத் தடவையும் அந்தப் பொண்ணு தவறினா, குத்தம் அவமேல இல்ல. வாத்தியாரை மாத்தச் சொல்லி எழுதிடுவேன்.”

சின்னையா வாத்தியார் தலையை மட்டும் அசைத்தார்.

மலாயாவில் ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஆயாக்கொட்டகையில் பாதிதான் பள்ளிக்கூடம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பால் வெட்டப் போன பெண்களின் கைக்குழந்தைகள் தொட்டிலில் கிடந்து அழுதன. இந்தப் பக்கம் வருஷப் பரீட்சை. கணக்கும் வாசிப்பும்.

முதலில் நாகையா.

“ஒரு வாளிக்கு ஆறு படி பால். ஒன்பது வாளிக்கு?”

நாகையா விரல்களை மடக்கினான். விரித்தான். மறுபடி மடக்கினான். “ஐம்பத்து நாலுங்க.”

வாசிப்பிலும் தட்டுத் தடுமாறிக் கரையேறிவிட்டான்.

“பாஸ்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

வாசலில் காத்து நின்ற ரெங்கசாமி கங்காணி உடனே உள்ளே தலையை நீட்டினார். “நாலு முடிச்சாச்சில்ல, நாகையா? பள்ளிக்கூடம் அவ்வளவுதான். நாளைக்கு விடியறதுக்கு முந்தியே பெரட்டுக்கு வந்து நில்லு. புல்லு வெட்டுற கூட்டத்துல உன் பேரையும் கூப்பிடுவேன்.”

நாகையா சிலேட்டைப் போட்டது போட்டபடி வெளியே ஓடினான்.

“வீரம்மா.”

வந்து நின்றாள். கங்காணி விடவில்லை.

“இந்த வருஷமாவது தேறுவியா, தாயி? உனக்குன்னு எடுத்து வச்ச அருவா ரெண்டு வருஷமாத் துருப்பிடிச்சுக் கெடக்கு.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். அவள் பக்கம் திரும்பினார். “அதே கணக்குதான். ஏழு வாளிக்கு எத்தனை படி?”

வீரம்மா கூரையைப் பார்த்தாள். “முப்பத்தஞ்சுங்க.”

“யோசிச்சுச் சொல்லு.”

“முப்பத்தாறுங்களா?”

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. “இவளுக்கு எதுக்கு வாத்தியாரே இந்தப் பக்கம்? தடுப்புக்கு அந்தாண்ட தூக்கிப் போட்டுத் தாலாட்டுங்க!”

பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் பிரம்பை உயர்த்தினார். சிரிப்பு நின்றது.

இன்ஸ்பெக்டர் தோல்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பசை வாசனை போகாத புத்தகம்.

“பழைய பாடமெல்லாம் மூணு வருஷமா உன் காதுல விழுந்துக்கிட்டே இருந்திருக்கும். இது நேத்துதான் மதராஸ் கப்பல்ல வந்தது. இதைப் படி, பார்ப்போம்.”

வீரம்மா வாத்தியாரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புத்தகத்தில் விரலை வைத்தாள்.

“ஓ... ஓர்... ஊ... ஊரில்...”

“ம்.”

“ஒ... ஒரு... க... க...”

அங்கேயே நின்றது விரல். அவள் உதட்டைக் கடித்தாள். கன்னம் உப்பியது. அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பளீரென்று பிரம்பு மேசையில் விழுந்தது. “என்ன சிரிப்பு? இன்ஸ்பெக்டர் ஐயா முன்னால என்ன சிரிப்பு?”

“பாருங்கய்யா,” என்றார் கங்காணி. “படிக்க வரல, பல்லைக் காட்ட மட்டும் வருது.”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கி மூடினார்.

“தவறிட்டா.”

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பரீட்சை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் செம்மண் சாலைக்கு இறங்கினார். மாட்டுவண்டி தயாராக நின்றது. கங்காணி தோல்பையைத் தூக்கிக்கொண்டார். வாத்தியார் பின்னால் வந்தார்.

“அப்போ, வாத்தியாரை மாத்திடுவீங்கதானே ஐயா?” கங்காணி வாத்தியார் காதுபடவே கேட்டார்.

“எதுக்கு? அந்தத் தலையில ஏத்த வேற யாராலயும் ஆகாது. இவரே இருக்கட்டும்.”

கங்காணி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பையோடு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

இன்ஸ்பெக்டர் நின்றார். புதுப் புத்தகம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“அந்தப் பாடம் என்னன்னு தெரியுமா, வாத்தியாரே? ஒரு கருமி. பெரிய பூட்டா வாங்கி வீட்டைப் பூட்டுறான். சாவி தொலைஞ்சிடக் கூடாதுன்னு அதைப் பூட்டுலயே தொங்கவிட்டுட்டு ஊருக்குப் போயிடுறான். சிரிப்பாத்தான் இருக்கு.”

“ஆமாங்க.”

“ஆனா, சாவி வர்றது பக்கத்தோட கடைசி வரியில. உங்க வீரம்மா முதல் வரியை எழுத்துக் கூட்டிக்கிட்டிருக்கும்போதே சிரிச்சுட்டாளே!”

சின்னையா வாத்தியாரின் முகம் வெளுத்தது.

“ஐயா... நான்தான் தப்பாச் சொல்லச் சொன்னேன். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவளை மட்டும் பாஸ் போட்டுடாதீங்க. போட்டா, நாளைக்குக் காலையில அருவாளைக் கொடுத்திடுவாங்க.”

இன்ஸ்பெக்டர் வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு புத்தகத்தை வாத்தியாரின் கையில் திணித்தார்.

“அடுத்த வருஷமும் தவறட்டும். சிரிப்பில்லாத பாடமாப் பார்த்து எடுத்துட்டு வரேன். அவளுக்கு ஒரு அஞ்சாம் வகுப்புப் புத்தகமும்.”