பன்னிரண்டாவது குப்பி

முழங்கை வரை ஏறும் தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டுதான் ஆராய்ச்சியாளர் அந்த வெந்நீர்த் தொட்டியை நெருங்கினார். முகப்பில் 85 என்ற சிவப்பு எண் எரிந்தது. ஒருமுறை இதே தொட்டியில் கை வெந்து தோல் உரிந்ததிலிருந்து, கையுறை இல்லாமல் அவர் அதன் பக்கம் போவதே இல்லை.

மூடியின் மேல் ஒரு சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருந்தது.

"எத்தனை தடவ சொல்றது அண்ணே, இது மேல சாப்பாட்ட வைக்காதீங்கன்னு?"

"பழக்க தோஷம்மா." ஆய்வக உதவியாளர் ஓடி வந்து டப்பாவை எடுத்துக்கொண்டார். "முன்ன மாதிரி சூடும் ஏற மாட்டேங்குது. டப்பாவ மாத்தணும்."

ஆராய்ச்சியாளர் காதில் அது விழவில்லை. தொட்டிக்குள் இருந்த புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நுண்ணுயிர் பெருகியிருந்தால் கலங்கலாக இருக்க வேண்டும். இதுவோ குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது.

"இதுவும் போச்சா?"

"போச்சு."

ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்துவந்த நுண்ணுயிர் அது. நமக்கெல்லாம் கொப்புளம் போடுகிற சூட்டில்தான் அதற்குப் பசியே எடுக்கும். அந்தச் சூட்டிலும் சிதையாத அதன் நொதி, வைக்கோலைச் சில மணி நேரத்திலேயே சர்க்கரையாக்கிக் காட்டியது. சூடு இல்லாவிட்டால் நொதி வேலை செய்யாது, உயிர் அப்படியே உறங்கிக் கிடக்கும்.

ஒன்பது வருட உழைப்பு. ஊற்றை மூடி, மேலே விடுதி கட்டி இரண்டு வருடமாகிறது. உலகத்தில் அந்த உயிரின் மிச்சமெல்லாம் உறைபெட்டியில் இருந்த பன்னிரண்டு குப்பிகள்தான்.

போன மாதம் கரண்ட் எகிறிக் கட்டிடமே இருண்டபோது, உறைபெட்டியும் ஒரு நாள் முழுக்க நின்றுபோனது. கரண்ட் வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியில் 85 என்று அழுத்தி வைத்தார். அன்றிலிருந்து அந்த எண் இம்மியும் அசையவில்லை. ஒவ்வொரு குப்பியாகப் புட்டியில் ஊற்றி, அதில் வைத்து, காத்திருந்து பார்த்துவிட்டார். பதினொன்றும் வளரவில்லை; இன்று எடுத்தது பன்னிரண்டாவது. உருகி உறைந்ததில் செத்துவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதினார்.

மேசைத் தொலைபேசி அடித்தது. இயக்குநர்.

"வளந்துதா?"

"இல்ல சார். இன்னும் ரெண்டு நாள்..."

"போதும்மா. செத்ததுக்கு எத்தன நாள் காவல் இருப்பீங்க? சாயங்காலத்துக்குள்ள ரூமக் காலி பண்ணிக் குடுங்க."

ரிசீவரை வைத்தார். பிறகு விதிப்படி புட்டியில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினார். செத்ததோ உயிரோடிருப்பதோ, எதையும் அப்படியே சாக்கடையில் விடக்கூடாது. மற்ற பதினொன்றும் அப்படித்தான் போயின.

அரை மணி கழித்துப் புட்டியைக் கைகழுவும் சிங்க்கில் கவிழ்த்தார். அழுகை வரவில்லை. அதெல்லாம் ஐந்தாவது குப்பியோடு தீர்ந்துபோயிருந்தது.

"விடுங்கம்மா. உங்க கையில என்ன இருக்கு? கரண்ட் செஞ்ச பாவம்." உதவியாளருக்கு வேறு எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. வெந்நீர்த் தொட்டியைக் காலி செய்ய நீளப் பிடி போட்ட குவளையைத் தேடி எடுத்தார்.

"பாத்து அண்ணே. கை வெந்துரும்."

"எனக்குத் தெரியாதாம்மா?"

மொண்டு தூக்கும்போது குவளையின் பிடி கழன்றது. குவளைத் தண்ணீர் முழுவதும் அவர் வெறுங்கையில் கொட்டியது.

"ஐயோ, அண்ணே!" கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆராய்ச்சியாளர் குழாயைத் திறக்க ஓடினார்.

உதவியாளர் அலறவில்லை. நனைந்த கையை ஒருமுறை பார்த்தார். சிவப்பாக எரிந்த 85-ஐ ஒருமுறை பார்த்தார்.

"அம்மா... இது பச்சைத்தண்ணி."