மேற்பார்வையாளர்கள் மட்டும்

கனடாவின் பிராம்ப்டன் நகர டோனட் கடையின் தரையெங்கும் வாடிக்கையாளர் காலணிகளோடு வந்த பனிச்சேறு பழுப்பாய் உருகி ஓடுகிறது. மாப்புக்கட்டை சுவரோரம் சாய்ந்திருக்கிறது. காசாளராக உழைத்த ஆண்டு நிரந்தர வசிப்புரிமைக்குக் கணக்கில் சேராது, மேற்பார்வையாளராக உழைத்ததே சேரும் என்பதால், வேலை செய்யும் நால்வர் மார்பிலும் ‘மேற்பார்வையாளர்’ வில்லை மின்னுகிறது. முதுகலை முடித்த சிம்ரத் அந்த வில்லைக்காகவே இங்கே கழிப்பறை கழுவுகிறாள். உரிமையாளர் பல்கார் சிங்கோ, கோழிக்கூண்டுக்குக் காவலிருக்கும் நரியின் பரிவோடு அவளை மகளே என்றழைக்கிறார். அவரை இதுவரை பார்த்திராத குடிவரவு அதிகாரி, திடீர்ச் சோதனைக்கு வந்து ஈர மேலங்கியுடன் சிம்ரத்தின் எதிரே நிற்கிறாள்.

“உங்களுக்குக் கீழ வேலை பாக்கிறது யாரு? ஒருத்தரைக் காட்டுங்க, போதும்.”

மற்ற மூவரும் காப்பி இயந்திரத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். பல்கார் சிங் பஞ்சாபியில் முணுமுணுக்கிறார்: “யாரையாச்சும் காட்டு மகளே, இல்லேன்னா உன் விண்ணப்பம் போயிரும்.”

“என்னோடது மட்டுமா போகும், அங்கிள்ஜி?”

சிம்ரத் மாப்புக்கட்டையை எடுத்து அவர் கையில் திணிக்கிறாள். “இவர்தாங்க மேடம். புதுசு. கொஞ்சம் சோம்பேறி.”

அதிகாரி கைகட்டிக் காத்திருக்கிறாள். தங்கக் காப்பு மணிக்கட்டில் சரிய, பல்கார் சிங் மெல்லக் குனிகிறார். சிம்ரத் விரல் நீட்டுகிறாள்.

“அந்த மூலைய விட்டுட்டீங்க பாருங்க.”