முதல் மசோதாவுக்கு ராகிங்

ரோண்டா கொடுத்த சாக்லேட்டை மென்றுகொண்டே ரோண்டாவின் மசோதாவைக் குடைய எழுந்தார் வெர்ன் ஹோல்ட்காம்ப்.

அமெரிக்காவின் போய்சி நகரத்துச் சட்டசபையில் இது ஒரு வேடிக்கை. புது உறுப்பினர் தன் முதல் மசோதாவைக் கொண்டுவரும் அன்று எல்லோர் மேஜையிலும் இனிப்பு வைக்க வேண்டும். தின்றவர்கள் ஆளுக்கு ஓர் அசட்டுக் கேள்வி கேட்டுக் கலாய்ப்பார்கள். பத்து நிமிட ராகிங். அப்புறம் ஓட்டெடுப்பு.

அன்று எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். ஓட்டெடுப்பு என்று சொல்ல சபாநாயகர் வாயைத் திறந்தார். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த வெர்ன் சடாரென்று எழுந்துவிட்டார்.

பின்வரிசைகளுக்கு முதுகைக் காட்டியபடி முன்வரிசையில் நின்ற ரோண்டா மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

அவள் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரியே கிடையாது. இருந்த ஒரே ஆம்புலன்சும் பணமில்லாமல் நின்றுபோயிற்று. பனிமேல் ஓட்டுகிற மோட்டார் வண்டிகளுக்கு வருஷம் ஐந்து டாலர் கூடுதல் வரி போட்டால் மலையூர்களுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் ஓடும். அதுதான் மசோதா. எழுபது பேரில் முப்பத்தாறு பேர் சரி என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் நழுவினாலும் போச்சு.

வெர்னோ எதிர்க்கட்சி. இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. அவர் தொகுதியில் வீட்டுக்கு ரெண்டு பனிவண்டி.

“மேடம், ஆம்புலன்ஸ் என்ன கலர்?”

“வெள்ளை சார்.”

“பனியும் வெள்ளை. கூப்பிட்டவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?”

“சத்தம் வரும் சார். நீங்க வந்தா எங்களுக்குத் தெரியுதே, அந்த மாதிரி.”

சபை சிரித்தது.

“சைரனா! எங்க ஊர் மாடு மிரண்டு பால் குறைஞ்சா யார் பொறுப்பு?”

“மாட்டையும் ஏத்திக்கறோம் சார்.”

“என் நாயை?”

“உங்களோட இத்தனை வருஷம் இருந்த நாயாச்சே, அதுக்குத்தான் முதல் சிகிச்சை.”

மேஜைகளைத் தட்டினார்கள். சபாநாயகரே குலுங்கினார். இந்த இடத்தில் நல்ல மனுஷன் உட்கார்ந்திருப்பான். வெர்ன் உட்காரவில்லை.

டிரைவருக்கு எத்தனை ஜோடி சாக்ஸ் என்றார். டயர் உருண்டையா என்றார். அரை மணி ஆயிற்று. சிரிப்பு வற்றி, கொட்டாவி வந்தது.

“சார், இன்னும் எவ்வளவு நேரம்?” ரோண்டா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“முதல் மசோதாவுக்குக் கேள்விக் கணக்கு கிடையாது மேடம். வழக்கம். இந்த சாக்லேட்டுக்குள்ள இருக்கே ஹக்கிள்பெரி, எங்க பறிச்சீங்க?”

“மலையில.”

“எந்த மலை? எந்தப் பக்கம்?”

மலைக்காட்டில் தானாய் விளையும் ஹக்கிள்பெரிப் பழத்தைப் பறிக்கிற இடத்தை அங்கே பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

“அதை எங்கம்மா கேட்டாலே சொல்ல மாட்டேன். உங்களுக்கா சொல்வேன்?”

‘ஒவ்வொரு கொட்டாவிக்கும் ஒரு ஓட்டு போகப்போகிறது. இந்த ஆளெல்லாம் ஒரு மனுஷனா!’ அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பின்பக்கக் கதவு படாரென்று திறந்தது. கோட்டெல்லாம் பனி, கன்னமெல்லாம் தங்கள் அணியின் நீலச்சாயம். வடக்கே பள்ளிக்கூடப் பெண்களின் கூடைப்பந்து இறுதி ஆட்டம் பார்க்கப் போயிருந்த ஐந்து உறுப்பினர்கள்.

“ஜெயிச்சுட்டோம்!” என்று கத்தினார் அவர்களில் ஒருவரான லீலண்ட்.

சபையே கைதட்டியது.

“சபாநாயகர் அவர்களே, எனக்கு வேற கேள்வி இல்லை.” வெர்ன் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஓட்டுப் பலகையில் விளக்குகள் எரிந்தன. முதல் சிவப்பு வெர்ன் பேருக்கு நேரே. பச்சை முப்பத்தாறு. சிவப்பு முப்பத்துநாலு.

ரோண்டா துள்ளிக் குதித்தாள். பக்கத்தில் இருந்தவர் யார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டாள். பிறகு நேரே வெர்னிடம் போனாள்.

“முக்கால் மணி நேரம் நிக்க வெச்சு வறுத்தீங்களே, கவுக்க முடிஞ்சுதா?”

“முடியலையேம்மா. இன்னொரு சாக்லேட் இருக்கா?”

லீலண்ட் கன்னத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். “அவரைத் திட்டாதே ரோண்டா! எங்க வேன் மலைப்பாதையில பனியில மாட்டிக்கிச்சு. நாங்க அஞ்சு பேரும் உன் ஆளுங்க. நாங்க இல்லாம ஓட்டெடுத்திருந்தா நீ காலி.”

“அதுக்கும் இவருக்கும் என்ன?”

“விஷயமே இல்லாம முக்கால் மணி நேரம் பேசறதுக்கு இந்தச் சபையில வேற யார் இருக்கா? அதான் இவருக்கு மெசேஜ் போட்டேன்.”

ரோண்டா தன் மேஜைக்கு ஓடினாள். மீந்திருந்த சாக்லேட் பெட்டியை எடுத்துவந்து அப்படியே வெர்னிடம் நீட்டினாள்.

“சார்... அப்புறம் ஏன் சிவப்பை அமுக்கினீங்க?”

“என்னை இங்க அனுப்பினவங்க இந்த வரி வேண்டாங்கறாங்க. எனக்கும் வேண்டாம். உன் மசோதா தோக்கணும்னுதான் நான் ஆசைப்பட்டேன்” என்றார் வெர்ன், சாக்லேட் தாளைப் பிரித்தபடி. “ஆனா, தோத்தா எங்ககிட்ட தோக்கணும்மா. பனிகிட்டயா தோக்கறது?”