விழுப்புரம் கைதட்டுகிறது

ஜன்னலில் தொங்கவிட்ட கறுப்புத் துணியையும் மீறி ஒரு கோடு வெயில் உள்ளே நுழைந்து, திரையில் நேரலையாகத் தெரியும் விழுப்புரத்துக் கல்வி இயக்குநரின் மூக்கை இரண்டாகப் பிளக்கிறது. "கல்விக்கு வயசே இல்லை! ஒரே சொடுக்கில் எல்லா ஊருக்கும் பாடம்!" என்கிறார் அவர், தோளில் வழுக்கும் சால்வையை இழுத்துவிட்டபடி. திண்டிவனம் படிப்பு மையத்தின் முன்வரிசையில், மரக்காணத்து அம்பிகா கொட்டாவியை முந்தானைக்குள் விடுகிறாள். மீன் கூடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் படிக்க வந்தவள். திங்கட்கிழமை பரீட்சை. மூன்று வாரமாக அதே சந்தேகம், அதே சால்வை, அதே சொடுக்கு. ஒருங்கிணைப்பாளர் பிரேம்குமார் மைக்கை அவளிடம் நீட்டிவிட்டுப் படமெடுக்கப் போனைத் தூக்குகிறார். "கேளுங்கம்மா, சாரே பதில் சொல்வாரு." அம்பிகா எழுந்து, நோட்டைப் பிரித்து, தெளிவாகக் கேட்கிறாள்: "சார், கூம்போட கன அளவுல அந்த மூணுல ஒரு பங்கு எங்கேர்ந்து சார் வருது?" இயக்குநர் புன்னகையோடு தலையாட்டிக் கைதட்டுகிறார். திரையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சால்வைகளும் தட்டுகின்றன. அப்போதுதான் அவள் திரையின் மூலையைப் பார்க்கிறாள். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு. இங்கே பேசுவது எதுவும் அங்கே கேட்கவில்லை. அம்பிகா நோட்டை மூடுகிறாள். முகத்தில் அதே பணிவோடு திரையைப் பார்த்துக் கேட்கிறாள்: "மூணு வாரமா வாய் கிழியப் பேசிக்கினு இருக்கியே, இந்தக் கணக்கு ஒனக்குத் தெரியுமாய்யா?" பிரேம்குமாரின் போன் பாதி உயரத்தில் நிற்கிறது. திரையில் இயக்குநர் நெஞ்சில் கைவைத்து நெகிழ்கிறார். "உங்க நன்றிக்கு நன்றிம்மா!" விழுப்புரம் இன்னும் பலமாகக் கைதட்டுகிறது.