பங்காக் கயிறு

"இந்த ஓட்டை வழியாத்தாங்க துரைக்குக் காத்து போச்சு" என்றான் இளையவன், பூட்டிய அறைக்கு வெளியே நின்றபடி.

வீடு வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து ஒரு கயிறு தொங்கியது.

இளையவன் வாய் ஓயாமல் கதை அளந்தான். விற்க வேண்டுமே.

வீட்டைக் கட்டிய வெள்ளைக்கார துரை உள்ளே கட்டிலில் படுத்திருப்பான். தலைக்கு மேலே பங்கா என்கிற பெரிய துணி விசிறி. ஒருவன் வெளியே உட்கார்ந்து இரவெல்லாம் அதன் கயிற்றை இழுக்க வேண்டும். கண் அசந்தால் பூட்ஸ் உதை. அப்படி உதை வாங்கிய ஒருவன் இதே இடத்தில் செத்துப்போனான். அதை யார் கேட்டார்கள்? துரை கப்பலேறிவிட்டான்.

அடுத்து வந்த வக்கீல் பங்காவைக் கழற்றி எறிந்தார். அவர் நொடித்துப்போனதும் வீடு இளையவனின் அப்பா கைக்கு வந்தது.

"இந்தக் கயிறு சின்ன வயசுல நாங்க மாட்டினதுங்க. அண்ணன்தான் எப்பவும் துரை, நான் வெளியில. சுவர் அவ்வளவு மொத்தம், கத்தினாலும் கேக்காது. ரெண்டு தடவ இழுத்தா, முழிச்சிருக்கியான்னு அர்த்தம். முழிச்சிருந்தா அவனும் ரெண்டு தடவ இழுப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒருநாள்கூடத் தன்னைத் துரையாக விடாத எரிச்சல் இன்னும் தீரவில்லை.

வீட்டை விற்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவன் அந்த அண்ணன். அவன் வெளியூரில் இறந்துவிட்டான், இனி கையெழுத்துப் போடத் தான் ஒருவன்தான் என்று வந்தவரிடம் முன்பே சொல்லியாயிற்று. அறைச் சாவியைத் தேடி எடுத்து நாளைக்குத் திறந்து காட்டுவதாகவும் சொல்லியாயிற்று.

பூட்டு மட்டும் புதிது. வந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

அவருக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார்.

கயிறு உள்ளே இழுபட்டது. சற்றுப் பொறுத்து, இன்னொரு தடவை.

அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். எலி என்று சொல்ல இளையவன் வாயெடுத்தான். கண் கயிற்றை விட்டு அகலவில்லை.

தினமும் போலக் காலையில் அவனும் இழுத்துப் பார்த்திருந்தான். இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பதில் வரவில்லை.

அதை நம்பித்தான் இவரை வரச் சொல்லியிருந்தான்.