பக்கத்து வீட்டு ஜீப்

“அந்த ஸ்பானரைக் கொடு, சீக்கிரம்,” என்றான் ஜீப்புக்கு அடியில் கிடந்த ட்ரெவர்.

மனைவி நோலீன் நீட்டினாள். “கல்யாண நாளும் அதுவுமா புது ஸ்பிரிங் மாட்டணுமா? ஹோட்டல்ல டேபிள் சொல்லியிருக்கேன்.”

“நாளைக்குக் கேரவனை இழுத்துக்கிட்டு டூவூம்பா மலை மேடு ஏறணும். க்ளென், அவன் பொண்டாட்டி ஷெரில் வண்டியும் போன வாரம் வரைக்கும் நம்மது மாதிரி பின்னால தொங்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப பாரு, எப்படி நிமிர்ந்து நிக்குது. அவனுக்கு நான் இளைச்சவனா?”

நோலீன் உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு க்ளென் வேலியோரம் வந்து நின்றான். ட்ரெவர் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“எந்தக் கம்பெனி ஸ்பிரிங் மாப்ள போட்ட?”

“அதே பழசுதான்.”

“சும்மா சொல்லாத. பின்பக்கம் எப்படி ஒசந்துச்சு?”

க்ளென் தன் ஜீப்பைப் பார்த்தான்.

“ஷெரில் பின்னால ஏத்தி வச்சிருந்த அவ சாமானையெல்லாம் இறக்கி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இனிமே வரமாட்டாளாம்.”