மெட்டி விரல்

கேஸ் சிலிண்டரை உருட்டி வரும்போது சிங்காரவேலுவின் கை தவறி, அது அவன் மனைவி தமயந்தியின் காலில் விழுந்தது. மெட்டி விரலின் நகம் கழன்றது. நசுங்கிய மெட்டியை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. புண் ஆறியதும், "மெட்டி இல்லாம இருக்கக் கூடாது" என்று, இறந்துபோன முதல் மனைவி செண்பகத்தின் மெட்டியை அவனே போட்டுவிட்டான். தினமும் அவள் காலை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினான். கல்யாணமான நாளிலிருந்து அவள் காணாத பரிவு அது. புது நகம் நடுவில் ஒரு கறுப்புக் கோட்டோடு வளர்ந்தது.

"எனக்கு இந்தக் கோடு இருந்ததில்லீங்களே."

"செண்பகத்துக்கு இருந்துச்சு" என்றான், கண் கலங்க. பிறகு மற்ற விரல்களின் நகங்களை ஒவ்வொன்றாக வருடியபடி சொன்னான்:

"நாளைக்குப் புது சிலிண்டர் வருது."